அட்டையா, வாய்ப்பேச்சா, போனா, கூட ஓராளா?

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும் பஸ். பாட்டு உரத்துப் போகிறது, ஹோர்ன் அடிக்கிறது, ஆட்கள் நெரிகிறார்கள். "தம்பி, எவடம் இறங்கிறது?" என்று நடத்துனர் கேட்கிறார். வீட்டில் அந்த றோட்டுத் தரிப்பிடங்களை வரிசை பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு இப்போது ஒரு சொல்லும் வராது. நடத்துனர் இரண்டாம் தரம் இன்னும் உரத்துக் கேட்பார். பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். பக்கத்துச் சீட்டில் இருப்பவர், "பாவம், கதை வராது போல" என்பார்.

ஓட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைக்குத் தன் தேவையைத் தானே சொல்லப் பழக்க நினைப்பவர்கள் வழியைத் தெரிவு செய்ய வேண்டியது இந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான். விறாந்தையில், அம்மாவுக்கு முன்னால், நல்ல நாளில் எது சரியாக வருகிறது என்று பார்த்துத் தெரிவு செய்தால் பிழையாகிவிடும். சத்தமும் அவசரமும் கூடும்போது பல பிள்ளைகளுக்கு முதலில் கைவிட்டுப் போவது பேச்சு. கேட்பது விளங்கும், விடையும் தெரியும், வாய் மட்டும் திறக்காது.

வன்னியில் ஒரு குடும்பத்துக்குக் கைக்கெட்டும் வழிகள் நான்கு. பழகிய வசனங்களை வாயால் சொல்வது, சட்டைப் பையில் அட்டை வைத்துக் காட்டுவது, போனில் எழுதிக் காட்டுவது அல்லது பதிந்த குரலைப் போட்டுக் காட்டுவது, கூட ஓராள் போய்ப் படிப்படியாகப் பின்வாங்குவது.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை

பிள்ளை வீட்டில் சொல்லும் "வேண்டாம்" எடுபடாவிட்டால் நான்கு வழியும் பயனற்றவை. மாமி கன்னத்தைக் கிள்ளுகிறார், பிள்ளை விலகுகிறது, "மாமிதானே, நில்லு" என்கிறோம். அந்தப் பிள்ளை வெளியில் யாரிடம் மறுக்கப் போகிறது?

இங்கே ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய பதின்வயதுப் பிள்ளைகளின் அம்மா அப்பாமார் பலர் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். அதிகாரி முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தலையைக் குனிந்தபடி என்பது அவர்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. அதே பழக்கத்தைப் பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டு, "ரீச்சரிட்டக் கேளன்" என்றால் நடக்காது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இரண்டு வாரத்துக்கு நாளுக்கு மூன்று சிறு மறுப்புகளை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பல் வேண்டாம், இந்தச் சட்டை குத்துது, இப்ப தலை இழுக்க வேண்டாம். ஏன் எதற்கென்று கேட்கக் கூடாது. மறுக்க முடியாதவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மருந்து, றோட்டைக் கடப்பது, குளம் கிணற்றுப் பக்கம் தனியே போகாமல் இருப்பது, மிதிவெடி அபாயப் பலகை நட்ட காணிக்குள் போகாமல் இருப்பது. பட்டியல் ஐந்தைத் தாண்டினால் அது மறுபடியும் "சொன்னதைக் கேள்" ஆகிவிடும். பதின்வயதில் இது பாதுகாப்பு விசயமும்தான். பெரியவர் சொன்னால் மறுக்கக் கூடாதென்று பழகிய உடம்பு தகாத கைக்கும் மறுப்புச் சொல்லாது. "தொடாதேங்கோ" என்ற சொல்லையும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தையும் இந்த வேளையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

வாய்ப்பேச்சு

பெற்றோர் அதிகம் ஆசைப்படுவது இதைத்தான். செலவில்லை, காவிக்கொண்டு திரியத் தேவையில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். ஒரே கடைக்காரர், ஒரே ரீச்சர் என்று நாளாந்தம் ஒரே ஆளைச் சந்திக்கும் இடத்தில் இது நன்றாகவே ஓடும்.

வசனம் நான்கைந்து சொல்லுக்குள் நிற்க வேண்டும், எழுத்துத் தமிழில் இருக்கக் கூடாது. "தயவுசெய்து மீண்டும் விளக்குவீர்களா" என்று வகுப்பில் எழும்பிச் சொன்னால் கடைசி வாங்கு சிரிக்கும். "சேர், விளங்கேல்ல. திரும்பச் சொல்லுங்கோ" போதும். யூரியூப் பார்த்துப் பார்த்து இந்தியக் கார்ட்டூன் தமிழில் கதைக்கும் பிள்ளைகள் உண்டு. அதைத் திருத்துவதில் நேரத்தைப் போக்க வேண்டாம், விளங்கினால் சரி. ஆனால் மறுப்போடு ஒரு முறைச்சொல்லைக் கட்டாயம் ஒட்டிக் கொடுங்கள். வெறும் "வேண்டாம்" பெரியவர் காதில் திமிராக விழும், "வேண்டாம் ஐயா", "வேண்டாம் அன்ரி" என்றால் எடுபடும். கண்ணைப் பார்த்துச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். கண்ணையும் பார்த்து வசனத்தையும் தேடுவது பலருக்கு ஒரே நேரத்தில் முடியாத வேலை. எதிரே நிற்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

பழக்கும்போது சத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதலில் அமைதியான அறை, பிறகு றேடியோ போட்டபடி, பிறகு ஆட்கள் இல்லாத மத்தியானக் கடை, கடைசியில்தான் பின்னேரக் கடை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இந்த வழி எங்கே உடையும் என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். "அண்ணை, ஒரு கிலோ சீனி" என்று பிள்ளை அழகாகச் சொல்லும். கடைக்காரர் திரும்பி, "வெள்ளையோ சிவப்போ?" என்பார். இது பழகிய வசனத்தில் இல்லை. பிள்ளை அதே "ஒரு கிலோ சீனி"யைத் திரும்பச் சொல்லும், அல்லது சீனி வாங்காமலே வீட்டுக்கு ஓடும். அதனால் எந்த வசனத்துக்கும் முன்னால் பழக்க வேண்டியது "கொஞ்சம் பொறுங்கோ" என்ற இரண்டு சொல். யோசிக்க நேரம் வாங்கத் தெரிந்த பிள்ளைதான் தெரியாத கேள்விக்கு முன் நிற்கும்.

அட்டை

பேச்சு நின்ற பிறகும் வேலை செய்வதுதான் அட்டையின் பலம். தானும் ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்ற்றன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவரை விளங்காதது போலவே மற்றவருக்கும் அவரை விளங்குவதில்லை. அட்டை மற்றப் பக்கத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் கருவி.

அளவு தேசிய அடையாள அட்டை அளவு, ஏறத்தாழ 8.5 சென்ரிமீற்றருக்கு 5.4. அதைவிடப் பெரிதானால் பையில் மடியும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. மை தெளிக்கும் பிரின்ரரில் அடித்தால் வியர்வையில் கரையும், லேசர் பிரின்ரில் எடுத்து லமினேற் பண்ணுங்கள். லமினேற் பண்ணிய மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டிவிட வேண்டும். கூர் மூலை குத்தினால், தொடுகைக் கூச்சம் உள்ள பிள்ளை இரண்டாம் நாளே அட்டையை எறிந்துவிடும், நாங்கள் "பிள்ளைக்கு அட்டை பிடிக்கேல்ல" என்று முடிவு கட்டிவிடுவோம்.

தொடக்கத்தில் மூன்று அட்டை மட்டும். ஆறு அட்டை கொடுத்தால் நெருக்கடியில் எது எதுவென்று தேடியே பிள்ளை குழம்பும்.

முதல் அட்டை: "எனக்கு இப்ப கதைக்க ஏலாது. நீங்கள் சொல்லுறது விளங்குது. மெதுவாச் சொல்லுங்கோ, இல்லாட்டி எழுதிக் காட்டுங்கோ."

இரண்டாவது: "சத்தம் கூடிப்போச்சு. ஐஞ்சு நிமிசம் வெளியில நிண்டுட்டு வாறன்."

மூன்றாவது: "என்னைத் தொடாதேங்கோ. அம்மாவுக்குப் போன் அடியுங்கோ." பின்பக்கத்தில் இலக்கம்.

இவை மாதிரிதான். சொற்களைப் பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும். "நான் விசேட தேவையுள்ள பிள்ளை, எனக்கு உதவுங்கள்" என்று பெரியவர் எழுதிக் கொடுத்த அட்டையைப் பதினாலு வயதுப் பிள்ளை வெட்கத்தில் வெளியே எடுக்காது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம் போடுங்கள். அட்டையைப் பார்ப்பவர் கண்ணாடி இல்லாத கிழவராகவும் இருக்கலாம் என்பதால் எல்லா அட்டையிலும் ஒரு படம் இருப்பது நல்லது. முதல் அட்டையின் பின்பக்கம் சிங்களத்திலும் இருக்கட்டும். ஏ9 பஸ்ஸில், பொலிஸிடம், ஆஸ்பத்திரியில் தேவைப்படும். அதைப் போன் மொழிபெயர்ப்பில் எடுக்காமல் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் எழுதுவியுங்கள்.

பெடியன்களுக்குச் சட்டைப் பை உண்டு. பை இல்லாத சீருடை போடும் பெட்டைப் பிள்ளைகளுக்குத் தையல்காரரிடம் சொல்லி இடுப்புத் தையலுக்குள் சின்னப் பை வைக்கலாம். கழுத்தில் நாடா போட்டுத் தொங்கவிட வேண்டாம். பிடித்து இழுப்பார்கள், பட்டப்பெயரும் வரும். புத்தகப் பைக்குள் போட்ட அட்டை இல்லாத அட்டைக்குச் சமம்.

கஷ்டம், எழுதுவதில் இல்லை, எடுத்து நீட்டுவதில்தான். அமைதியாக இருக்கும் நேரத்தில் நாளுக்கு ஐந்து தரம், ஒரு கிழமைக்குக் கையைப் பழக்குங்கள்: பைக்குள் விரல், எடுப்பு, நீட்டு, பதில் வரும்வரை பிடி. பழக்கும்போது "அட்டை எங்க?" என்று வாயால் நினைவூட்டக் கூடாது. பிள்ளை அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கப் பழகிவிடும். பேசாமல் உங்கள் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுங்கள், சில நாளில் அதையும் விட்டுவிடுங்கள்.

பாடசாலையில் அட்டை தோற்பது பெரும்பாலும் பெரியவர்களால். "கணக்குப் பாடத்துக்கு மட்டும் அட்டை காட்டுறான், நடிக்கிறான்" என்ற முறைப்பாடு கட்டாயம் வரும். முதல் இரண்டு வாரம் பிள்ளை அட்டையை அள்ளி அள்ளிக் காட்டத்தான் செய்யும், உண்மையில் வேலை செய்கிறதா என்று அது சோதித்துப் பார்க்கிறது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு போட வேண்டாம். ஒரு கொப்பியில் நாலு நிரல் அடித்து நேரம், இடம், எந்த அட்டை, ஏற்கப்பட்டதா என்று குறியுங்கள். எப்போதும் மூன்றாம் பாடத்தில்தான் வருகிறதென்றால் மூன்றாம் பாடத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். கணக்கு விளங்காமல் இருக்கலாம், பக்கத்து வகுப்பில் சங்கீத பாடம் நடக்கலாம். மாரியில் தகரக் கூரைக்குக் கீழே மழை அடிக்கும்போது யாருக்குமே ஒன்றும் கேட்பதில்லை, அந்தப் பிள்ளைக்கு அது வலியாகவே இருக்கும். வெளியே நிற்கும் இடம் முன்கூட்டியே முடிவாக வேண்டும், வேப்ப மரத்தடியோ நூலக வாசலோ. திரும்பும் நேரத்தைப் பிள்ளையின் கைக்கடிகாரம் சொல்லட்டும், ரீச்சர் கூப்பிட வேண்டாம். குழப்படிக்குத் தண்டனையாக அட்டையைப் பறிப்பது வாயைக் கட்டுவதுதான்.

போன்

எழுத்து ஓடும், பேச்சு ஓடாது என்ற வகைப் பிள்ளைகளுக்கு இது அட்டையை விட மேல். அட்டையில் மூன்று செய்திதான், போனில் எதையும் சொல்லலாம். வகுப்பாசிரியருக்கு இரவில் வட்ஸ்அப்பில், "இண்டைக்குக் குழு வேலையில எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல" என்று ஒரு வரி எழுதும் பிள்ளை தனக்காகப் பேசிவிட்டது. நேரில் சொன்னால்தான் கணக்கு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

எழுதத் தெரியாதவர்களுக்கு அதே வயதுள்ள உறவுப் பிள்ளை ஒன்றின் குரலில் ஏழெட்டு வசனம் பதிந்து வைக்கலாம். போன் தானாக வாசிக்கும் தமிழ் தமிழ்நாட்டு உச்சரிப்பில் வருவதால் கேட்பவர் முதலில் சிரித்துவிடுவார். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற படச் செயலிகள் தமிழிலும் உண்டு, காசு கட்ட வேண்டும், சொற்களை எங்கள் வழக்குக்கு மாற்றவும் வேண்டும்.

குறைகள் கண்முன்னே இருக்கின்றன. பாடசாலைக்குப் போன் கொண்டுபோக விடுவதில்லை, அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நடு வெயிலில் திரை தெரியாது. சார்ஜ் இறங்கும். பதற்றத்தில் பூட்டுத் திறக்கும் இலக்கம் மறக்கும். ஆகவே போன் கொடுத்தாலும் முதல் அட்டை பையில் இருக்க வேண்டும்.

கூட ஓராள்

வீட்டை விட்டுத் தனியே போகாத, எந்தக் கேள்விக்கும் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கு இதுதான் தொடக்கம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அட்டை செய்து கொடுத்தால் அது அம்மாவின் கைப்பையில்தான் கிடக்கும்.

யார் போவது? அம்மா கடைசித் தெரிவாக இருக்கட்டும். கிளினிக்கில் டொக்டர் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டு முடிக்கும் முன்னமே அம்மாவின் வாயில் விடை நிற்கும். தங்கச்சியைக் காவலாக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்கும் தன் வாழ்க்கை உண்டு. ஒத்த வயது மச்சான், பொறுமையுள்ள சித்தப்பா, அயல்வீட்டு அக்கா யாராவது பொருந்துவார்கள். வேலை ஒன்றுதான்: கேள்வி வந்ததும் மனதுக்குள் பத்து எண்ணுவது. பத்து விநாடி மௌனம் பெரியவர்களுக்குத் தாங்காது, அதனால் பழக வேண்டியது பெரியவரும்தான். கேட்டவர் கூட வந்தவரைப் பார்த்தால் அவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும், பதில் சொல்லக் கூடாது. எண்ணி முடிந்தும் விடை வராவிட்டால் கேள்வியைச் சுருக்கித் திருப்பிக் கொடுங்கள்: "வயிறு நோகுதோ, தலை நோகுதோ?"

பின்வாங்குவது இப்படி. முதலில் பக்கத்தில், பிறகு ஓரடி பின்னால், பிறகு கடை வாசலில், பிறகு றோட்டுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு படியிலும் மூன்று தரம் சரியாக வந்தபின் அடுத்தது. ஒரு நாள் குழம்பினால் ஒரு படி மட்டும் முன்னால் வாருங்கள், தொடக்கத்துக்குப் போக வேண்டாம். இந்த வழியின் உண்மையான விலை ஆள் நேரம். அம்மா ஒருவரே உழைக்கும் வீடுகள் இங்கே எத்தனையோ. காலை பத்து மணிக்குக் கூடப் போக யாரும் இல்லாத வீட்டில் சனிக்கிழமைக் கடைப் பயணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அட்டையிடம் விட்டுவிடலாம்.

அப்ப எதை எடுப்பது?

நெருக்கடியில் பேச்சு நிற்கும் பிள்ளையென்றால், அது மாதத்துக்கு ஒருதரம்தான் என்றாலும், அட்டை முதல். வீட்டில் எவ்வளவு வாய்காரப் பிள்ளை என்பது இங்கே எடுபடாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு எங்கள் முடிவு, முதல் தவணையில் அட்டையும் கூட ஓராளும் சேர்த்து, அடுத்த தவணையில் தேவையானால் போன். வாய் வசனத்தைப் பிள்ளையே விரும்பும் இரண்டு இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான்கிலும் அடங்காத ஒரு வகை உண்டு. பேச்சு நிலையாக இருக்கும், ஆனால் தனக்கு என்ன நடக்கிறதென்று பிள்ளைக்கே தெரியாது. தாகம், தலையிடி, பயம் எல்லாம் ஒரே "ஒரு மாதிரி இருக்கு". அதற்கு 1 முதல் 5 வரை ஓர் அளவு வரையுங்கள். 2இல் கால் ஆடத் தொடங்கும், 3இல் காது சூடாகும், 4இல் சொல் தடுமாறும் என்று அந்தப் பிள்ளையின் உடம்பில் தெரியும் அடையாளங்களைச் சேர்ந்திருந்து எழுதுங்கள். கேட்க வேண்டிய இடம் 3. 5இல் எந்தக் கருவியும் கைகொடுக்காது.

பெயரைச் சொல்வதா?

"எனக்கு ஓட்டிசம்" என்று சொல்வதா, "எனக்குச் சத்தம் ஒத்துவராது" என்று தேவையை மட்டும் சொல்வதா என்பது தனி முடிவு. கடையில், பஸ்ஸில், முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேவையை மட்டும் சொல்வதே வேலைக்கு ஆகும். பெயரைச் சொன்னால் அது என்னவென்று விளக்கவே நேரம் போகும், ஊரில் அதைப் "புத்திக் குறைவு" என்று மாற்றியும் விடுவார்கள். ஆஸ்பத்திரியிலும் பாடசாலை நிர்வாகத்திலும் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரம் போன்ற சலுகை கேட்டு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவ அறிக்கை தேவை. தரம் 10இலேயே தொடங்குங்கள், பரீட்சைக்கு முந்திய மாதம் ஓடித் திரிந்து பயனில்லை. அதிபருக்கு எழுதும் கடிதத்தில், வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த, வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 7ஆம் உறுப்புரையையும் குறிப்பிடலாம். தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லவும் அதற்கு உதவி பெறவும் பிள்ளைக்கு உரிமை உண்டென்று அந்த உறுப்புரை சொல்கிறது.

எங்கே சொல்வதென்ற முடிவு பிள்ளையினது. ஆனால் பெயரே பிள்ளைக்குத் தெரியாத வீடுகள் பல, அக்காவின் கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்தவையும் அதில் சேரும். கிளினிக் கொப்பியில் தானே வாசித்து அறிவதை விட, நீங்கள் எழுதிக் கொடுத்து அறிவது மேல்.

முதல் பெரிய பரீட்சை

கடை பழகியபின் பாடசாலை, அதன்பின் கிளினிக். இதற்கிடையில் 15 வயதாகிவிடும், தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் அதிபர் ஊடாகவும், மற்றவர்களுக்குக் கிராம சேவையாளர் ஊடாகவும் போகும். பதிவு செய்யப்பட்ட ஸ்ரூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும்.

ஸ்ரூடியோவில் சிக்கல் வருவது இரண்டு இடத்தில். பளிச்சென்று அடிக்கும் வெளிச்சம் ஒன்று. மற்றது, "இப்பிடிப் பாருங்கோ தம்பி" என்று படம் எடுப்பவர் நாடியைப் பிடித்துத் திருப்புவது. முதல் நாளே போய், ஆளில்லாத நேரம் எதுவென்று பிள்ளையே கேட்கட்டும், வாயாலோ எழுதியோ. வெளிச்சத்தை இரண்டு தரம் சும்மா அடித்துக் காட்டச் சொல்லலாம். அன்றைக்கென்று நாலாவது அட்டை ஒன்று: "என்ரை முகத்தைத் தொடாமல், எந்தப் பக்கம் திரும்பிறதெண்டு வாயால சொல்லுங்கோ. நான் திரும்புவன்." விண்ணப்பத்தில் போடும் கையெழுத்தை ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்து, நாளுக்கு ஐந்து தரம் ஒரே மாதிரி எழுதிப் பழகட்டும். கூட வந்தவர் அந்த நேரம் கதவுக்கு வெளியே நிற்கலாம்.